நிற்கும்போது மட்டும்

ஓடுகிறவரை ஒன்றுமில்லை.
பொள்ளாச்சி தாண்டித் தென்னந்தோப்புகளுக்குள்
ஊசி பாதியிலேயே கிடந்தது, நல்ல பிள்ளையாக.
மீனாட்சிபுரத்தில் பால்வண்டிகளைச் சோதிக்கிறார்கள்,
விஷுவுக்கு நான்கு நாள்.
வரிசை நின்றது.
ஊசி எழுந்தது.

எஸ்டீம். தொண்ணூற்றேழு மாடல்.
கே.எல். ஒன்பது என்று தொடங்கும் எண்ணை
வாங்கி மூன்று மாதமாகியும் மாற்றவில்லை.
பின்சீட்டில் தெர்மோகோல் பெட்டி,
அதில் ஐஸ், ஐஸுக்குள்
நாலாயிரம் கோழிகளுக்கான தடுப்பூசி.
எனக்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரி.
அதற்கு முன்னால் பதினொரு டேங்கர்.

ஹீட்டரைப் போட்டால் இஞ்சின் தணியும், தெரியும்.
பங்குனி வெயிலில் ஹீட்டர்!
நான் வெந்துபோவேன், பரவாயில்லை,
மருந்து வெந்தால்
கோழிக்காரர் என்னை வேகவைப்பார்.

லாரியிலிருந்து இறங்கி வந்தார் திருமூர்த்தி.
பெயர் கதவிலேயே எழுதியிருந்தது, ஓனர் கம் டிரைவர் என்று.
"பொட்டிய எங்கிட்ட குடுங்க.
வெக்கப்புல்லுக்குள்ள சொருகி வெச்சா
ஐசு சாயங்காலம் வரைக்கும் நிக்குமுங்க."
நிற்கும் என்ற சொல்
அன்றைக்கு முதல்முறையாக நல்லதாகக் கேட்டது.

பானெட்டைத் தூக்கினோம்.
ரேடியேட்டர் மூடியைத் தொடாதே என்று
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
விசிறி சும்மா இருந்தது,
இதழ்களில் பூச்சிகள், ஒரு தும்பியின் பாதி.
விரலால் தள்ளினால் சுற்றியது; ஆக, இறுகவில்லை.
ஃபியூஸைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார்:
கம்பி முழுசாக இருந்தது.
பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்தார்,
சடாரென்று சுற்றி என் துப்பட்டாவை இழுத்தது.
மோட்டாருக்குக் குறையில்லை.
சென்சார் பிளக்கைக் கழற்றி
அதன் இரண்டு துளைகளையும்
என் ஹேர்பின்னால் இணைத்தோம்.
ஒன்றுமில்லை. ரிலேகூட டிக் என்று சொல்லவில்லை.

அங்கே ஒரு டெஸ்டர் பாலைக் குழாயில் குலுக்கி
நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.
இங்கே நாங்கள்.

"இது என்னங்க?"
இஞ்சினுக்குச் சம்பந்தமில்லாத ஒயர்.
வீட்டுக்கு இழுக்கிற ரகம், ஒரு சிவப்பு, ஒரு பச்சை,
டேப் சுற்றி, ரப்பர் வளையத்தின் வழியே
உள்ளே போகிறது.
பாம்பின் வாலைப் பிடித்த மாதிரி
அதைப் பிடித்துக்கொண்டே
நான் டிரைவர் சீட்டுக்கடியில் தலைகீழானேன்.

ஸ்டீரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே,
தந்த நிறத்தில், சமையலறைச் சுவரில் இருப்பது போல
ஒரு சுவிட்ச்.
அணைந்திருந்தது.

தட்டினேன்.
இஞ்சின் அறைக்குள் காற்று எழும் சத்தம்.
திருமூர்த்தி பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து
கெட்ட வார்த்தை ஒன்றைச் சந்தோஷமாகச் சொன்னார்.

நேற்று வாட்டர் சர்வீஸ்.
பையன் உள்ளேயெல்லாம் துணி போட்டுத் துடைத்தான்,
அதற்கு ஐம்பது ரூபாய் தனியாகக் கொடுத்தேன்.

கொடுவாயூர் கங்காதரன் மாஷுக்கு ஃபோன் போட்டேன்.
ஆர்.சி. புக், ஸ்டெப்னி, ஜாக்கி,
கண்ணாடியில் தொங்கிய குருவாயூரப்பன் வரைக்கும்
எண்ணி எண்ணி ஒப்படைத்தவர்.
"ஸ்விட்சோ? அது ஞான் பறஞ்ஞில்லே?"
"இல்லை மாஷே."
"நிக்கும்போ இடணம், ஓடும்போ ஓஃப்.
சென்சார் போயிட்டு பதினஞ்சு கொல்லமாயி."
பதினைந்து வருடம்
ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு மனிதர்
கையால் காற்றுப் போட்டு ஓட்டியிருக்கிறார்.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.

ஊசி இறங்க ஏழு நிமிடம் ஆனது.
துப்பட்டாவில் கிரீஸ், கூந்தல் அவிழ்ந்து கிடந்தது,
ஹேர்பின் எங்கே விழுந்ததோ.
பம்பர் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்,
மிச்சத்தை முகத்தில் ஊற்றிக்கொண்டேன்.
கண்ணைத் திறந்தால்
எனக்கு முன்னால் வெறும் ரோடு.

டேங்கர்களை ஓரங்கட்டி
மற்ற வண்டிகளை விட்டுவிட்டார்கள்.
வைக்கோல் லாரி எல்லையைத் தாண்டி
ஆலமரத்துக்கு அப்பால் மஞ்சளாகத் திரும்புகிறது,
உள்ளே என் நாலாயிரம் கோழிகள்.

ஹாரனை அழுத்திக்கொண்டே பின்னால் விரட்டினேன்.
ஐம்பது, அறுபது. கிரில்லுக்குள் காற்று அடித்தது.
ஊசி பாதிக்கும் கீழே.
இனி விசிறி வேண்டாம்.
போட்டபடியே விட்டிருந்தேன்.